மலைத் தோட்டத்துக்கு ஒரு டீசல் பிக்கப்: இசுஸு வி-கிராஸ், அதன் பராமரிப்பு, அதில் செய்யத் தகுந்த மாற்றங்கள்

இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் வாங்கலாமா என்று விசாரிப்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பின்பாடியில் சுமை ஏறுமா, ஏறாதா? சுமை ஏறாத வீட்டுக்கு இந்த வண்டி தேவைக்கு மிஞ்சிய நீளமும் செலவும் கொண்டது. ஓட்டமும் கரடுமுரடாக இருக்கும். சுமையும் ஏற வேண்டும், அதே வண்டியில் குடும்பமும் போக வேண்டும், போகும் வழியில் ஒரு பகுதிக்குத் தார் கிடையாது என்ற நிலை இருந்தால், இந்த விலையில் இதற்கு ஈடான வண்டி தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. பழனி மலையின் கீழ்ச்சரிவில், தாண்டிக்குடிப் பக்கம், காப்பியும் மிளகும் மலைவாழையும் வைத்திருக்கும் எனக்கு அந்த நிலைதான். என்னிடம் உள்ளது பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்த 1.9 லிட்டர் டீசல் எஞ்சினும் ஆறு கியர் மேனுவலும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட வண்டி. வண்டியின் தன்மையைச் சொல்லிவிட்டு, பராமரிப்புக்கும் மாற்றங்களுக்கும் கூடுதல் இடம் ஒதுக்குகிறேன். பிக்கப் வைத்திருப்போரின் பணம் பெரிதும் வீணாவது மாற்றங்களில்தான்.

இசுஸு நிறுவனம் இந்தியாவில் 2012-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. முதலில் திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் வண்டிகளைக் கோத்துவந்த அந்நிறுவனம், 2016 ஏப்ரலில் தமிழக எல்லையை ஒட்டி, ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலையைத் திறந்தது. வி-கிராஸும் அதே ஆண்டில்தான் விற்பனைக்கு வந்தது. அப்போது இருந்தது 2.5 லிட்டர் எஞ்சின், 134 குதிரைத்திறனும் 320 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் கொண்டது, ஐந்து கியர். பிஎஸ்-6 விதிக்குப் பிறகு அந்த எஞ்சின் நின்றுபோய், 2021 மே மாதத்தில் 1.9 லிட்டர் எஞ்சினோடு வி-கிராஸ் திரும்ப வந்தது. அந்த வேளையில் இதே குடும்பத்தின் இரு சக்கர இயக்கமுள்ள வண்டியான ஹை-லேண்டரின் சென்னை ஷோரூம் விலை ஏறத்தாழ 17 லட்சம், நான்கு சக்கர இயக்கமுள்ள மேனுவலின் விலை ஏறத்தாழ 21 லட்சம். இன்று இரண்டுமே அந்த விலையைத் தாண்டிப் போய்விட்டன.

2.5 போய் 1.9 வந்தபோது, எஞ்சின் சிறுத்துவிட்டது என்று வருத்தப்பட்டவர்கள் பலர். எண்களைப் பார்த்தால் வருத்தத்துக்குக் காரணமில்லை: 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். ஆனால் அந்த 360 கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முதல் 2,500 சுற்றுகள் சுழலும்போதுதான். பழைய எஞ்சின் தன் முழு இழுவிசையை 1,800 சுற்றிலேயே கொடுத்து 2,800 வரை தாங்கிப் பிடித்தது. சமவெளியில் இந்த வேறுபாடு தெரியாது. சித்தரேவிலிருந்து மேலே ஏறும் மலைச்சாலையில், கொண்டை ஊசி வளைவில் வேகம் முழுவதும் இறங்கி, பின்னால் உர மூட்டைகளும் இருக்கும்போது, இரண்டாவது கியரில் சுற்று 1,500-க்குக் கீழே போனால் வண்டி சற்று நேரம் யோசித்துத்தான் எழும். முதல் கியருக்கு இறங்கத் தயங்காதவருக்கு இது ஒரு குறையே அல்ல. இரண்டாவது கியரிலேயே கிளட்சைப் பாதி மிதித்து ஏற்றிப் பழகியவருக்கு கிளட்ச் தட்டுக்கான செலவு சீக்கிரம் வரும். மலையில் ஓட்டுவதற்கு ஆட்டோமேட்டிக்கே மேல் என்று சொல்பவர்கள் உண்டு. ஏற்றத்துக்கு அது உண்மை. சுமையோடு இறங்கும்போது மேனுவலின் எஞ்சின் பிரேக் தரும் கட்டுப்பாட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான்கு சக்கர இயக்கம் இதில் நிரந்தரமானது அல்ல, தேவைப்படும்போது போட்டுக்கொள்வது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் உள்ள திருகில் 2-ஹெச் (பின் சக்கரங்கள் மட்டும்), 4-ஹெச் (நான்கு சக்கரமும்), 4-எல் (நான்கு சக்கரமும், தாழ்ந்த கியரில்) என்று மூன்று நிலைகள் உண்டு. 2-ஹெச்-சிலிருந்து 4-ஹெச்-சுக்கு ஓடும்போதே மாற்றலாம். 4-எல் போடுவதற்கு வண்டி நிற்க வேண்டும். இரு அச்சுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லாத அமைப்பு என்பதால் காய்ந்த தார்ச்சாலையில் 4-ஹெச் போட்டு வளைக்கக் கூடாது. முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு டயரையும், விசையை இரு அச்சுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் தின்றுவிடும். 4-எல் நிலையில் சக்கரத்துக்குப் போகும் விசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. எங்கள் தோட்டத்துக்குள் இறங்கும் செம்மண் தடம் ஐப்பசி மழையில் வழுக்குப் பாறையாகிவிடும். அப்போது 4-எல், முதல் கியர், பிரேக்கில் கால் வைக்காமல் இறங்குவது என்ற முறையில் வண்டி நடையின் வேகத்தில் இறங்கி நிற்கும். இதில் பின் டிஃபரென்ஷியலைப் பூட்டும் வசதி இல்லை. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் டிராக்ஷன் கண்ட்ரோல்தான் பிரேக் பிடித்து மறு சக்கரத்துக்கு விசையை அனுப்ப வேண்டும். அது வேலை செய்கிறது, ஆனால் மெதுவாக. 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸில் அந்தப் பூட்டு உண்டு, 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன் எஞ்சினும் உண்டு. வந்தபோதே அதன் தொடக்க விலை ஏறத்தாழ 34 லட்சம். என் தடத்துக்கு அந்தக் கூடுதல் பணம் தேவைப்படவில்லை.

பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். காலியாகப் போகும்போது வேகத்தடைகளிலும் பாலத்து இணைப்புகளிலும் பின்பாடி துள்ளும். பின்இருக்கையில் அமர்ந்திருப்பவர்களுக்கு அது இடுப்பில் தெரியும். மூன்று நான்கு மூட்டை ஏறியதும் அதே வண்டி படிந்துபோகும். இது பிக்கப்புகளுக்குப் பொதுவான குணம், குறையென்று எழுத மாட்டேன். ஆனால் காரிலிருந்து மாறுகிறவர்கள் காலி வண்டியையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பின்இருக்கையிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். விற்பனையாளர் எப்போதும் ஓட்டுநர் இருக்கையைத்தான் காட்டுவார். என் அம்மாவுக்கு ஏறுபடி இருந்தும் ஏறுவது சிரமமாகத்தான் இருக்கிறது. ஏறி அமர்ந்த பிறகு நிமிர்ந்த முதுகுச் சாய்மானம் அவருக்கு ஒத்துவருகிறது, நீண்ட பயணத்தில் என் மனைவிக்கு ஒத்துவரவில்லை.

வண்டியின் நீளம் ஏறத்தாழ 5.3 மீட்டர். வத்தலக்குண்டு கடைவீதியில் நிறுத்துவதற்கு இடம் தேடுவது தனி வேலை. பின்பாடி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமும் அதே அளவு அகலமும் கொண்டது. வாழைத்தார்களைக் கிடத்தி அடுக்கலாம், ஏணி வைத்தால் பின்கதவைத் தாண்டி நீளும். சுமை அளவைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிக்கப் என்றாலே ஒரு டன் ஏற்றலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்றெடையைக் கழித்தால் வருவதுதான் அனுமதி, அதற்குள் ஆட்களின் எடையும் அடக்கம். ஐந்து பேர் ஏறிவிட்டால் சரக்குக்கு மிஞ்சுவது சொற்பம். பட்டிவீரன்பட்டி கியூரிங் ஒர்க்ஸுக்குக் காப்பி மூட்டை கொண்டுபோகும் நாளில் நான் தனியாகவே போகிறேன். மொத்த அறுவடையை இறக்குவதற்கு வாடகைக்கு பொலேரோ பிக்கப் எடுப்பதே முறையும் சிக்கனமும் ஆகும்.

வி-கிராஸ் வெள்ளை போர்டில், சொந்த உபயோக வண்டியாகப் பதிவாகிறது. வாடகைக்குச் சரக்கு ஏற்ற முடியாது. அந்தத் தொழிலுக்கு இதே குடும்பத்தில் எஸ்-கேப் என்ற மஞ்சள் போர்டு வண்டி தனியாக இருக்கிறது. வெள்ளை போர்டு என்பதால் ஆயுட்கால வரியும் காருக்கு உரியதே. 2023 நவம்பரில் தமிழகத்தில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு அது 20 சதவீதம். ஷோரூம் விலையை மட்டும் மனத்தில் வைத்துக் கடன் தொகையைத் திட்டமிடுகிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்.

இனி பராமரிப்பு. இன்றைய டீசல் எஞ்சினுக்குப் பகை இரண்டு: தண்ணீர், குறுகிய ஓட்டம். காமன் ரெயில் அமைப்பில் டீசல் ஆயிரத்து ஐந்நூறு பாருக்கும் மேலான அழுத்தத்தில் இன்ஜெக்டரின் மயிரிழைத் துளைகள் வழியே பீய்ச்சப்படுகிறது. பழைய எஞ்சின்கள் சகித்துக்கொண்ட துருவையும் நீரையும் இவை சகிக்காது. இன்ஜெக்டர்களோடு உயர் அழுத்த பம்பும் கெட்டுப்போனால் அந்தச் செலவில் ஒரு நல்ல பைக் வாங்கிவிடலாம். ஆகவே விற்பனை அதிகமுள்ள, தொட்டி அடிக்கடி நிரம்பிக் காலியாகும் பங்க்கிலேயே டீசல் போட வேண்டும்; டேங்கர் வந்து இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் போடக் கூடாது, அடியில் படிந்த கசடு கலங்கியிருக்கும். தோட்டத்து ஷெட்டில் பேரலில் வைத்திருக்கும் டீசலை இந்த வண்டிக்கு ஊற்றவே கூடாது. இராத்திரிக் குளிரில் பேரலின் உட்சுவரில் ஈரம் வியர்த்து அடியில் தண்ணீர் சேரும். பம்பு செட்டுக்கு அது போதும், இதற்குப் போதாது.

டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் பிரிந்து தங்கும் கிண்ணமும் அதைத் திறந்துவிடும் திருகும் உண்டு. மீட்டர் போர்டில் விளக்கு எரியும் வரை காத்திருக்காமல், மழைக்காலத்தில் நானே அதைத் திறந்து பார்க்கிறேன். செய்முறை எளிது: எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அடியில் ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடித்துத் திருகை இரண்டு சுற்று தளர்த்தினால், தண்ணீர் இருந்தால் அது முதலில் வந்து டம்ளரின் அடியில் தனிப் படலமாக நிற்கும், அதன் மேல் டீசல் தேன்நிறத்தில் மிதக்கும். வெறும் டீசல் வரத் தொடங்கியதும் திருகை கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் பிளாஸ்டிக் மரை போய்விடும்.

குறுகிய ஓட்டம் ஏன் பகை என்பதற்குக் காரணம் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி. சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அதற்கு ஏறத்தாழ 600 பாகை சூடு வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்க, எஞ்சின் வழக்கத்துக்கு அதிகமாக டீசலைப் பீய்ச்சுகிறது. நால்வழிச் சாலையில் சீரான வேகத்தில் போனால் இந்த வேலை ஓட்டுநருக்குத் தெரியாமலே முடிந்துவிடும். தோட்டத்துக்கும் ஊருக்கும் மட்டும் முதல் இரண்டு கியர்களில் உருண்டுகொண்டிருக்கும் வண்டியில் அது பாதியில் பாதியில் அறுபடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். எங்கள் ஊரில் லாரி எஞ்சின் பிரித்தே தலை நரைத்த ஒரு மெக்கானிக் இதை என்னிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னார்: “ஆயில் குறைஞ்சா ஊத்திக்கலாம் தம்பி, கூடினா பயப்படணும்.” வண்டியைச் சமதளத்தில் இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நின்று, முகர்ந்தால் டீசல் வாடையும் அடித்தால், கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் ஆயில் மாற்றிவிடுவதே நல்லது. நான் மலையில் தொடர்ந்து ஓட்டிய வாரங்களுக்குப் பிறகு, திண்டுக்கல் நால்வழிச் சாலையில் ஒரு அரை மணி நேரமாவது ஒரே சீராக ஓட்டி வருகிறேன். வேலை ஏதும் இல்லாவிட்டாலும் அந்த டீசல் செலவு நியாயமானது.

ஆயிலும் டிபிஎஃப் உள்ள எஞ்சினுக்கென்று வருகிற லோ-ஆஷ் வகையாகவே இருக்க வேண்டும். சாதாரண டீசல் ஆயில் எரிந்து விடும் சாம்பல் டிபிஎஃபில் தங்கினால் எந்தச் சூட்டிலும் எரியாது. கரி போகும், சாம்பல் போகாது. வெளியில் ஆயில் மாற்றுகிறவர்கள் டப்பாவின் முன்பக்க விளம்பரத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள தரக் குறிப்பை வண்டியின் கையேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

மற்றவை எளியவை. ஏர் ஃபில்டரைத் தோட்டத்துத் தூசியில் ஓடும் வண்டிக்கு அட்டவணைக்கு முன்பே எடுத்து, உள்ளிருந்து வெளியே மெல்லிய காற்றில் ஊத வேண்டும். பின் ஸ்பிரிங்கின் யு-போல்ட்களை ஆண்டுக்கு ஒருமுறை டார்க் ரெஞ்சால் சோதிக்க வேண்டும். மாதம் ஒருமுறை மண்பாதையில் 4-ஹெச் போட்டுச் சற்றுத் தூரம் ஓட்டினால் முன் அச்சின் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். டைமிங் பெல்ட் மாற்றும் செலவு இதில் கிடையாது, செயின்தான். சர்வீஸ் சென்டர்கள் குறைவு என்பது மட்டும் உண்மையான சிரமம்: எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு ஒவ்வொரு சர்வீஸும் ஒரு நாள் பயணம். ஃபில்டர்கள், பிரேக் பேட், வைப்பர் போன்றவற்றை முன்கூட்டியே ஒரு செட் வாங்கி வீட்டில் வைத்திருப்பது அலைச்சலைக் குறைக்கும். பிக்கப்புகள் டீசலை எவ்வளவு குடிக்கும் என்று கேட்பவர்களுக்கு: மலைப்பாதையில் லிட்டருக்கு 9, 10 என்றும் நால்வழிச் சாலையில் 13-ஐ ஒட்டியும் எனக்குக் கிடைக்கிறது.

இனி மாற்றங்கள். சட்டத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்து ஆர்.சி.யில் பதிவான விவரங்களிலிருந்து வண்டியின் அடிப்படை அமைப்பு மாறக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. முன்னால் பொருத்தும் இரும்பு புல் பாரை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்யச் சொல்லிவிட்டது. காரணம் வலுவானது: மோதும்போது மடங்கி அதிர்ச்சியை உள்வாங்க வேண்டிய முன்பகுதியை அது மடங்க விடாமல் தடுத்து, நேரே சேசிஸுக்கு அதிர்ச்சியைக் கடத்துகிறது, ஏர்பேக் விரியும் நேரத்தைக் கணிக்கும் சென்சாரையும் குழப்புகிறது, குறுக்கே வந்த மனிதரின் கால் எலும்பு நொறுங்குகிறது. காட்டெருமை நடமாடும் மலைச்சாலையில் ஓட்டும் எனக்கே அது தேவைப்படவில்லை. இரவில் வேகத்தைக் குறைப்பதுதான் அங்கே பாதுகாப்பு.

முதல் செலவு டயருக்கே போக வேண்டும். கம்பெனி கொடுக்கும் 255/60 ஆர்18 டயர் (அகலம் 255 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 18 அங்குலம்) சாலைக்கானது. ஈர மண்ணில் அதன் பள்ளங்கள் அடைத்துக்கொண்டு வழவழப்பாகிவிடுகிறது. அதே அளவிலேயே ஆல்-டெரெய்ன் டயர் போட்டால் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை. தார்ச்சாலையில் சற்று இரைச்சல் கூடும், மைலேஜ் கொஞ்சம் குறையும், தோட்டத்துத் தடத்தில் 4-எல் போட வேண்டிய அவசியமே பாதியாகக் குறையும். பெரிய டயர் போட்டால் கம்பீரமாக இருக்கும் என்று 265/65 அளவுக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், கம்பெனி டயரின் விட்டம் 763 மில்லிமீட்டர். அதே ரிம்மில் 265/65 டயரின் விட்டமோ 802-ஐ நெருங்குகிறது. ஐந்து சதவீதம் பெரிய சக்கரம் என்றால் எல்லா கியர்களும் ஐந்து சதவீதம் நீண்டுவிட்டன என்று பொருள். குறைந்த சுற்றில் ஏற்கெனவே யோசிக்கும் எஞ்சின் இன்னும் யோசிக்கும், ஸ்பீடோமீட்டர் உண்மையை விடக் குறைத்துக் காட்டும். கல் நிறைந்த பாதைக்குப் பக்கவாட்டு உயரம் வேண்டும் என்பவர்கள் எதிர்த்திசையில் யோசிக்கலாம்: 17 அங்குல ரிம்மில் 255/65 டயரின் விட்டமும் அதே 763 மில்லிமீட்டர்தான். ரப்பர் உயரம் மட்டும் 153-இலிருந்து 166 மில்லிமீட்டராகிறது. கியரும் மீட்டரும் மாறாமல், கல்லில் மோதும்போது ரிம் தப்பிக்கும். இதைச் செய்கிறவர்கள் பிரேக் கேலிப்பரில் ரிம் உரசாமல் இருப்பதைச் சோதித்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

இரண்டாவது செலவு பின்பாடியின் உட்பூச்சு. கடைகளில் அதிகம் விற்பது அப்படியே எடுத்து வைக்கும் பிளாஸ்டிக் லைனர். பார்க்க நேர்த்தியாக இருக்கும். அதற்கும் தகட்டுக்கும் இடையில் மண்ணும் மழைநீரும் புகுந்து, வண்டியின் ஒவ்வொரு அதிர்விலும் அந்த மண் பெயிண்டைத் தேய்க்கும். துரு வெளியே தெரியும்போது தகடு ஓட்டையாகியிருக்கும். மூட்டைகளும் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். தெளித்துப் பூசும் பாலியூரியா பூச்சு விலை கூடுதல், ஆனால் தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் புகாது. சொரசொரப்பாக இருப்பதால் மூட்டை வைத்த இடத்தில் நிற்கும். பூசுவதற்கு முன் பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்களா, வடிகால் துளைகளை அடைக்காமல் விடுகிறார்களா என்று கூடவே நின்று பார்க்க வேண்டும். மேலே மூட ஃபைபர் கேனோபி போடுகிறவர்கள், அதன் எடை மொத்தமும் அனுமதிச் சுமையிலிருந்தே கழிகிறது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மிளகு மூட்டைக்கு நல்ல தார்ப்பாயும் கொக்கிகளும் எனக்குப் போதுமாக இருக்கின்றன.

மூன்றாவதாக, பின் ஷாக் அப்சார்பர்கள். கம்பெனி ஷாக்குகள் தேய்ந்த பிறகு அதே நீளத்தில் தரமான கேஸ் ஷாக் போட்டால், காலி வண்டியின் துள்ளல் கண்கூடாகக் குறையும். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் கிட் போடுவதைவிட இதற்கு ஆகும் செலவு குறைவு, பயன் அதிகம். உயர்த்தினால் முன் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட் சாய்ந்த கோணத்திலேயே சுழன்று, அதன் ரப்பர் உறையான பூட் கிழிந்து, மண் புகுந்து கெடும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். வளைவுகளில் வண்டி கூடுதலாகச் சாயும். ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் கூட்டிப் போடுவதும் சுமை அனுமதியைக் கூட்டாது. ஆர்.சி.யில் உள்ள எண் அப்படியேதான் இருக்கும், பிரேக்கும் அப்படியேதான் இருக்கும்.

விளக்குகள் விஷயத்தில் பொருளைவிட வயரிங்தான் முக்கியம். மூடுபனிக்காக நகரத்துக் கடை ஒன்றில் துணை விளக்கு போட்டேன். அவர்கள் விளக்குக்குப் பாட்டரியிலிருந்து தனியாக மின்சாரம் விடும் ரிலே கிட் போட்டுத் தருவதாகப் பணம் வாங்கிக்கொண்டு, கம்பெனி வயரின் மேலுறையைச் சீவி, அதில் புதிய வயரைச் சுற்றி, இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். முதல் பெருமழையில் அந்தச் சுற்றுக்குள் நீர் புகுந்து செம்பு பச்சை பூத்து, ஃபியூஸ் போய், மலைச்சாலையில் பார்க் லைட்டும் டெயில் லைட்டும் அணைந்துவிட்டன. டேப்பைப் பிரித்தபோதுதான் ரிலேயே இல்லை என்பது தெரிந்தது. பாட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், ரிலே, நீர் புகாத கனெக்டர், நெளிகுழாய்க்குள் போகும் வயர் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்பதை, பானட் திறந்திருக்கும்போதே விரல் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும்.

எஞ்சினுக்கு ரீமேப் செய்வதை, அதாவது அதன் கணினி நிரலை மாற்றித் திறனைக் கூட்டுவதைப் பற்றி என் கருத்து உறுதியானது: வேண்டாம். இழுவிசையை நானூறுக்கு மேல் கொண்டுபோவதாகச் சொல்வார்கள், முடியும்தான். கூடுதல் டீசல் எரியும்போது கூடுதல் கரியும் கூடுதல் சூடும் வரும். கரி டிபிஎஃபுக்குப் போகும், சூடு டர்போவுக்குப் போகும், இழுவிசை கிளட்சுக்குப் போகும். பிறகு அடைத்துக்கொண்ட டிபிஎஃபைக் கழற்றி வெற்றுக் குழாய் வைக்கச் சொல்வார்கள். அது சட்டவிரோதம் என்பதோடு, 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கந்தகத்தை 50-இலிருந்து 10 பிபிஎம்முக்குக் குறைத்த டீசலைக் கொண்டுவந்த முயற்சியை நம் புகைக்குழாயிலேயே வீணாக்குவதாகும். பள்ளிப் பிள்ளைகள் நடந்து போகும் மலைச்சாலையில் கரும்புகை விட்டுக்கொண்டு ஏறுவதில் எந்தப் பெருமையும் இல்லை. ஸ்னார்க்கலும் இதே வகைதான்: காற்று இழுக்கும் வாயை மட்டும் உயர்த்திவிட்டு, டிஃபரென்ஷியலின் காற்றுத் துளையான பிரீதரையும் மின் இணைப்புகளையும் பழைய உயரத்திலேயே விட்டால் ஆழத் தண்ணீரில் இறங்கும் தகுதி வந்துவிடாது.

புதிய வண்டியின் விலை எட்டாதவர்கள் பழைய 2.5 லிட்டர் வண்டியைத் தேடுகிறார்கள்; அது நல்ல தேடல், டிபிஎஃப் கவலை இல்லாத எளிய எஞ்சின் அது. பார்க்கப் போகும்போது பிளாஸ்டிக் லைனர் இருந்தால் அதை எடுத்துவிட்டு அடித்தகட்டைக் காட்டச் சொல்ல வேண்டும். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடலாம். 4-எல் போட்டுச் சற்று ஓட்டிப் பார்த்து, மீட்டர் போர்டில் அதற்கான விளக்கு மினுக்கல் நின்று நிலையாக எரிகிறதா என்று கவனிக்க வேண்டும்; வருடக்கணக்கில் போடப்படாத வண்டிகளில் அது இறுகிப்போயிருக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து புகையின் நிறத்தையும், ஆயில் மூடியைத் திறந்து ஆவியின் வேகத்தையும் பார்க்க வேண்டும். முன்பு உயர்த்தப்பட்டு, விற்பதற்காக இறக்கப்பட்ட வண்டியா என்பதை யு-போல்ட்களின் மரையில் உள்ள புதுத் தேய்மானமும் சி.வி. பூட்டின் வெடிப்பும் சொல்லிவிடும். இவற்றையெல்லாம் பார்ப்பதற்கு ஒரு காலைப்பொழுது போதும்; அதற்கு விற்பவர் சம்மதித்த பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசலாம்.